நிக்கல்சனின் மஸ்னவி: ஒரு மதிப்பீடு

ஜலாலுத்தீன் ரூமியின் பெயரில் இன்று இணையத்தில் உலவும் வரிகளுக்குக் கணக்கில்லை. திருமண அழைப்பிதழ்களிலும் நாட்காட்டிகளிலும்கூட அவை இடம்பெறுகின்றன. அவற்றில் பலவற்றின் மூலத்தைத் தேடிச் சென்றால், நாம் போய் நிற்பது கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஒருவரின் அடைப்புக்குறிகள் நிறைந்த ஆங்கில உரைநடையில்தான். அவர் பெயர் ரெனால்டு ஆலீன் நிக்கல்சன். அவரை மேற்கோள் காட்டுவோர் சிலர். அவரைப் படிப்போர் இன்னும் சிலர். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளைச் சூஃபிய நூல்களுக்கே கொடுத்த ஒருவரை எப்படிப் படிக்க வேண்டும், எங்கே நம்ப வேண்டும், எங்கே நம்பக்கூடாது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

வாழ்வும் கல்வியும்

நிக்கல்சன் 1868 ஆகஸ்டு 18 அன்று இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியிலுள்ள கீத்லி என்னும் ஊரில் பிறந்தார். தந்தை ஹென்றி ஆலீன் நிக்கல்சன் தொல்லுயிரியல் அறிஞர். தாத்தா ஜான் நிக்கல்சன் கீழைமொழிகளில் ஈடுபாடு கொண்டவர். அவர் சேர்த்துவைத்த அரபு, பாரசீகக் கையெழுத்துப்படிகள் பேரனுக்கு வந்து சேர்ந்தன. அபர்டீனிலும் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியிலும் கிரேக்க, லத்தீன் இலக்கியம் பயின்ற நிக்கல்சன், ஈ. ஜி. பிரவுனிடம் பாரசீகம் கற்றார். 1902 முதல் 1926 வரை கேம்பிரிட்ஜில் பாரசீக விரிவுரையாளராகவும், பிரவுனின் மறைவுக்குப் பின் 1926 முதல் 1933 வரை அரபுப் பேராசிரியராகவும் பணியாற்றினார். 1945 ஆகஸ்டு 27 அன்று செஸ்டரில் காலமானார்.

அவருடைய ஆசிரியர் பிரவுன் ஈரானில் ஓராண்டு சுற்றித் திரிந்து அதைப் புத்தகமாக எழுதியவர். நிக்கல்சனோ ஐரோப்பாவைத் தாண்டியதே இல்லை. கோன்யாவில் ரூமியின் அடக்கத்தலத்தை அவர் பார்க்கவில்லை. மௌலவி தர்வேஷ்கள் சுழன்றாடும் மண்டபத்தில் அமர்ந்து நாணல் குழலின் ஓசையைக் கேட்கவும் இல்லை. சாயர்புரத்திலும் தஞ்சையிலும் வாழ்ந்து, தமிழரோடு தமிழ் பேசித் திருவாசகத்துக்கு வந்த ஜி. யு. போப்பை அறிந்த நமக்கு இது விந்தையாகத் தோன்றும். நிக்கல்சனுக்குச் சூஃபியம் முழுவதும் ஏட்டின் வழியே வந்தது. அவருடைய பலம், குறை இரண்டுக்கும் இதுவே காரணம் என்பது என் கருத்து.

மஸ்னவிக்கு முந்தைய பணிகள்

பலரும் நிக்கல்சன் என்றதும் மஸ்னவியை மட்டும் நினைக்கிறார்கள். அதற்கு முந்தைய இருபத்தைந்து ஆண்டுகளில் அவர் செய்தவற்றைப் பார்த்தால், சூஃபியத்தின் அடிப்படை நூல்களை ஒன்றன்பின் ஒன்றாக அச்சுக்குக் கொண்டுவந்தது தெரியும். ஃபரீதுத்தீன் அத்தாரின் இறைநேசர் வரலாறான ‘தத்கிரத்துல் அவ்லியா’வின் பாரசீக மூலத்தை 1905, 1907 ஆகிய ஆண்டுகளில் இரு பகுதிகளாகப் பதிப்பித்தார். லாகூரில் அடங்கியிருக்கும் ஹுஜ்வீரியின் ‘கஷ்ஃபுல் மஹ்ஜூப்’, பாரசீக மொழியில் சூஃபியம் பற்றி எழுதப்பட்ட பழைமையான விளக்கநூல்; அதை 1911இல் ஆங்கிலத்தில் தந்தார். பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த சர்ராஜின் ‘கிதாபுல் லுமஃ’ என்னும் அரபு நூலை 1914இல் பதிப்பித்தார். ‘இஸ்லாத்தின் ஞானிகள்’ என்ற பொருள்படும் அவருடைய சிறு அறிமுக நூல் வெளிவந்ததும் அதே ஆண்டுதான்.

இவற்றில் இப்னு அரபியின் ‘தர்ஜுமானுல் அஷ்வாக்’ (1911) தனியே பேசத் தக்கது. மக்காவில் சந்தித்த இஸ்ஃபஹான் அறிஞர் ஒருவரின் மகள் நிஸாமை முன்வைத்து எழுந்த காதல் பாடல்கள் அவை. அலெப்போவின் மார்க்க அறிஞர் சிலர் இவை வெறும் காமப் பாட்டுகள் என்று குறைகூற, இப்னு அரபி தாமே உரை எழுதி ஒவ்வொரு சொல்லுக்கும் ஞானப் பொருள் காட்டினார். தம் பாட்டுக்குத் தாமே உரைகாரராக வேண்டிய நிலை! நிக்கல்சன் பாடல்களை முழுமையாகவும் உரையைச் சுருக்கியும் மொழிபெயர்த்தார். காதலும் ஞானமும் ஒரே சொல்லில் எப்படிக் குடியிருக்கின்றன என்பதை அவ்வுரையின் விரிவில்தான் காண முடியும். அதைச் சுருக்கியது பெரிய இழப்பு. ஆயினும் இப்னு அரபி என்ற பெயரையே அறியாத ஆங்கில வாசகருக்கு, நூலின் மூலத்தையும் சேர்த்து அச்சிட்டுக் கையில் கொடுத்தவர் அவர்தான்.

மஸ்னவிப் பதிப்பு

மஸ்னவி ஆறு நூல்களாக அமைந்தது. ஏறத்தாழ 25,000 ஈரடிகள் கொண்டது. நிக்கல்சனுக்கு முன் ரெட்ஹவுஸ் முதல் நூலை 1881இல் செய்யுளாகவும், வின்ஃபீல்டு முழுவதையும் சுருக்கி 1887இலும், வில்சன் இரண்டாம் நூலை 1910இலும் ஆங்கிலத்தில் தந்திருந்தார்கள். ஆறு நூல்களையும் விடாமல் மொழிபெயர்த்தவர் நிக்கல்சனே. 1925இல் முதல் தொகுதி வெளிவந்தது. எட்டாவது தொகுதி 1940இல். மூன்று தொகுதிகள் மூலபாடம், மூன்று மொழிபெயர்ப்பு, இரண்டு விளக்கவுரை.

இந்த எட்டில் எது பெரிய சாதனை என்று கேட்டால், மொழிபெயர்ப்பு என்றே பலரும் சொல்வார்கள். நான் மூலபாடப் பதிப்பையே சொல்வேன். மஸ்னவி நூற்றாண்டுகளாக ஓதப்பட்டு, படியெடுக்கப்பட்டு வந்த நூல். ஓதுவோர் தமக்கு இனிமையாகப் பட்டதைச் சேர்த்தார்கள். கடினமான சொல்லை எளிதாக மாற்றினார்கள். பிற்கால அச்சுகளில் இடைச்செருகல்கள் மலிந்தன. நம் பழந்தமிழ் நூல்களுக்கு நேர்ந்ததும், உ. வே. சாமிநாதையர் சுவடி சுவடியாக ஒப்பிட்டுப் பாடபேதம் குறித்ததும் இங்கே நினைவுக்கு வரும்.

நிக்கல்சன் பழைமையான படிகளைக் கொண்டு வேலையைத் தொடங்கினார். ஆனால் அவற்றினும் பழையது ஒன்று கோன்யாவில் இருந்தது. ரூமி 1273இல் மறைந்தார். அவருடைய சீடர் ஹுஸாமுத்தீன், மகன் சுல்தான் வலத் ஆகியோர் முன்னிலையில் திருத்தப்பட்ட படியைப் பார்த்து 1278இல் எழுதி முடிக்கப்பட்ட கையெழுத்துப்படி அது. மூன்றாம் நூலின் பதிப்பு வேலை பெரும்பகுதி முடிந்த பின்னரே அது அவர் பயன்பாட்டுக்கு வந்தது. அங்கிருந்து இறுதிவரை அதையே அடிப்படையாக வைத்துக்கொண்டார். முதல் இரண்டு நூல்களுக்கும் அப்படியின் பாடவேறுபாடுகளைப் பின்னர் பட்டியலாகத் தந்தார். ஆனால் அந்த இரு நூல்களின் மொழிபெயர்ப்பு 1926இலேயே வந்துவிட்டது. எனவே மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: நிக்கல்சனின் மஸ்னவி முதலிலிருந்து கடைசிவரை ஒரே தரமான மூலத்தின்மேல் நிற்பதன்று. முதல் இரு நூல்களை மேற்கோள் காட்டும்போது கூடுதல் எச்சரிக்கை தேவை. இவ்வளவு இருந்தும் ஈரானிலேயே அவருடைய பதிப்பு மீண்டும் மீண்டும் அச்சாகிறது என்றால், ஓர் அயலவரின் உழைப்புக்கு அந்த மொழியார் தந்த சான்றிதழாக அதைக் கொள்ளலாம்.

அடைப்புக்குறிகளும் அகப்பையும்

நிக்கல்சனின் மொழிபெயர்ப்பைத் திறந்தவுடன் கண்ணில் படுவது அடைப்புக்குறிகள். பாரசீக மூலத்தில் இல்லாத ஒரு சொல்லை ஆங்கில வாக்கியத்தின் நிறைவுக்காகச் சேர்த்தால், அதை அடைப்புக்குறிக்குள் போடுகிறார். “அவன்” என்றிருந்தால் யார் அவன் என்று உள்ளே எழுதுகிறார். ஓர் உருவகத்தின் உட்பொருளையும் அவ்வாறே. சில பக்கங்களில் வரிக்கு வரி இது நடக்கும். படிப்பவருக்குக் கல்லும் முள்ளுமான பாதைதான், மறுப்பதற்கில்லை. விடைத்தாள் திருத்திப் பழகிய கண்ணுக்கோ இது வேறு மாதிரித் தெரிகிறது. ‘இது மூலம் சொன்னது, இது நான் சொன்னது’ என்று வரிதோறும் பிரித்துக் காட்டும் மாணவனை எந்த ஆசிரியர்தான் குறைத்து மதிப்பிடுவார்?

ஆனால் நேர்மை ஒன்று, செவி மற்றொன்று. மூன்றாம் நூலில் ஒரு சமையலறைக் காட்சி. கொதிக்கும் பானையில் கொண்டைக்கடலை மேலே மேலே துள்ளி, ‘என்னை ஏன் இப்படி வேகவைக்கிறாய்?’ என்று கேட்கிறது. வீட்டுக்காரி அகப்பையால் ஒரு தட்டுத் தட்டி உள்ளே தள்ளுகிறாள். ‘உன்மேல் வெறுப்பால் செய்யவில்லை, உனக்குச் சுவை வரட்டும் என்றுதான்’ என்கிறாள். பிறகு தானும் ஒருகாலத்தில் இப்படி வெந்தவள்தான் என்று சொல்கிறாள். கடைசியில் கடலையே ‘இன்னும் நன்றாக வேகவை’ என்று இணங்கிவிடுகிறது. துன்பத்தின் பொருள் பற்றிய கடினமான கருத்தை ரூமி பானைச் சூட்டில் வைத்துப் பேசுகிறார். நிக்கல்சனின் ஆங்கிலத்தில் அந்தக் கடலையும் வீட்டுக்காரியும் பழைய விவிலிய நடையில் ‘நீவிர்’, ‘உமது’ என்று உரையாடுவது போன்ற தொனி வந்துவிடுகிறது. பொருள் ஒன்றுகூடத் தவறவில்லை. அடுப்பு மட்டும் அணைந்துவிட்டது. கடைத்தெருப் பேச்சும் கிண்டலும் வசையும் நிறைந்த ஒரு கவியை இப்படி எப்போதும் மேடையிலேயே நிறுத்திவைத்தது, அந்த மொழியை ஏட்டில் மட்டுமே கற்றதன் விளைவு என்றே நினைக்கிறேன்.

லத்தீன் திரை

ஐந்தாம் நூலில் வெளிப்படையான பாலியல் கதைகள் சில உண்டு. அத்தகைய வரிகள் வரும் இடங்களில் நிக்கல்சன் ஆங்கிலத்தை விட்டு லத்தீனுக்குத் தாவிவிடுகிறார். அக்கால ஆங்கில அறிஞர்களிடையே இது வழக்கமான உத்தி. படித்த ஆண்களுக்கு மட்டும் தெரிந்த மொழியில் வைத்துவிட்டால் ‘கெட்டுப்போவோர்’ கையில் படாது என்ற எண்ணம்.

இதில் ஒரு முரண் உண்டு. அவற்றுள் ஒரு கதையில், தன் பணிப்பெண்ணின் இரகசியச் செயலை ஒரு எசமானி கதவிடுக்கு வழியே பார்த்து, அதையே தானும் செய்யப்போய் உயிரை விடுகிறாள். பணிப்பெண் தன்னைக் காத்துக்கொள்ளக் கையாண்ட முன்னெச்சரிக்கை எசமானியின் கண்ணில் படவில்லை. ஆசான் இல்லாமல், தொழிலின் பாதியை மட்டும் எட்டிப் பார்த்துவிட்டுக் கடைவிரிப்போரை ரூமி சாடுகிறார். சூஃபிய வழியில் போலிகளைப் பற்றி அவர் சொன்னவற்றில் கூர்மையானது இது. நிக்கல்சனில் நீதி ஆங்கிலத்தில் நிற்கிறது, கதையின் உயிர்நாடி லத்தீனில் மறைகிறது. அதாவது ஆங்கில வாசகரும் கதவிடுக்கு வழியே பாதி பார்த்தவராகிறார். ரூமி வெட்கப்படாத இடத்தில் மொழிபெயர்ப்பாளர் வெட்கப்பட்டது, அடைப்புக்குறிகளில் அவர் காட்டிய நேர்மைக்குப் பொருந்தாதது. ஒன்றை மட்டும் அவர் சார்பில் சொல்லலாம்: அவ்வரிகளை அவர் நீக்கவில்லை. வின்ஃபீல்டைப் போலச் சுருக்கிவிட்டு நகரவும் இல்லை.

கருத்தில் நேர்ந்த மாற்றம்

நிக்கல்சனைக் கீழைத்தேயவாதி என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவோர் அவருடைய தொடக்ககால நூல்களோடு நின்றுவிடுகிறார்கள் என்று தோன்றுகிறது. 1898இல், முப்பது வயதில், ஷம்ஸ் தப்ரீஸ் திவானிலிருந்து 48 பாடல்களைத் தேர்ந்து மூலத்தோடும் மொழிபெயர்ப்போடும் வெளியிட்டார். அந்நூலில் அவர் ரூமியைப் பார்த்த கண்ணாடி பிளாட்டினஸ். சூஃபியம் என்பது கிரேக்க நவபிளாட்டோனியத்தின் கிளை என்பதுபோன்ற பார்வை 1906இல் அவர் எழுதிய தோற்ற ஆய்விலும் மேலோங்கி இருந்தது. இஸ்லாத்திலிருந்து இவ்வளவு அழகான ஒன்று முளைத்திருக்காது, வெளியிலிருந்தே வந்திருக்க வேண்டும் என்ற அன்றைய ஐரோப்பிய மனப்பாங்கு இதற்குள் ஒளிந்திருக்கிறது. 1914ஆம் ஆண்டு நூலிலும் கிறித்தவம், நவபிளாட்டோனியம், பௌத்தம் என்று தாக்கங்களை அடுக்குகிறார். ஆனால் வெளித்தொடர்பே இல்லாமல் இருந்திருந்தாலும் இஸ்லாத்துக்குள் ஒரு ஞானமரபு தோன்றியே இருக்கும் என்றும் அங்கே எழுதுகிறார். பார்வை மாறத் தொடங்கிவிட்டது.

அடுத்த திருப்பம் இக்பாலோடு வந்தது. கேம்பிரிட்ஜில் படித்த முகம்மது இக்பால் 1915இல் லாகூரில் வெளியிட்ட ‘அஸ்ராரே குதீ’ என்னும் பாரசீகக் காவியத்தை நிக்கல்சன் 1920இல் ஆங்கிலத்தில் தந்தார். ‘நான்’ அழிவதே ஞானம் என்ற மரபைக் கடுமையாக எதிர்த்து, ‘நான்’ வலுப்பெறுவதே வாழ்வு என்று பேசும் நூல் அது. அப்படிப் பேசுபவர் ரூமியையே தம் வழிகாட்டியாகக் கொள்கிறார்! 1922இல் ஹல்லாஜ் பற்றிய லூயி மசிஞோனின் பெருநூல் பிரெஞ்சில் வெளிவந்தது. மறுஆண்டு நிக்கல்சன் ‘சூஃபியத்தில் ஆளுமை என்னும் கருத்து’ என்ற பொருளில் லண்டன் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய மூன்று உரைகள் நூலாயின. தனிமனித ஆளுமை சூஃபியத்தில் கரைந்து ஒழிந்துபோவதில்லை, அடியவருக்கும் இறைவனுக்கும் இடையே நேருக்கு நேரான உறவு உண்டு என்று இப்போது வாதிடுகிறார். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் அவரே எல்லாம்-இறை என்ற முத்திரையைத் தாராளமாகக் குத்தியவர். இக்பாலின் பங்கு இதில் எவ்வளவு, மசிஞோனின் பங்கு எவ்வளவு என்று அளந்து சொல்ல முடியாது. ஆனால் தாம் படித்ததற்கு ஏற்பத் தம்மை மாற்றிக்கொள்ள அவர் கூசவில்லை என்பது தெளிவு.

தமிழில் சூஃபியம் எழுதுவோருக்கு இது அக்கறைக்குரிய செய்தி. ‘ஃபனா’ என்ற சொல்லைக் கண்டதும் ‘முக்தி’ என்றோ ‘அத்வைத நிலை’ என்றோ எழுதிவிடுவது நம்மிடையே எளிதாக நடக்கிறது. ஃபனாவுக்குப் பின் ‘பகா’ உண்டு. அழிந்தவர் இறைவனில் நிலைபெற்று, மீண்டும் தொழுகைக்கும் மனிதருக்கும் திரும்பி வருகிறார். நம்மிடம் தயாராக இருக்கும் சொல்லைப் பொருத்தினால் அந்தத் திரும்பி வருதல் காணாமல் போகிறது. நிக்கல்சன் பிளாட்டினஸை வைத்துச் செய்த அதே வேலையை நாம் வேறொரு பெயரில் செய்கிறோம்.

சென்னையில் அடங்கியிருக்கும் உரைகாரர்

விளக்கவுரைத் தொகுதிகளில் நிக்கல்சன் துருக்கிய, இந்திய உரைகாரர்களின் தோளில் ஏறி நிற்கிறார். அன்காராவின் இஸ்மாயீல் அன்கரவி, ஆக்ராவின் வலீ முகம்மது ஆகியோரோடு, ‘பஹ்ருல் உலூம்’ என்னும் சிறப்புப்பெயர் கொண்ட அப்துல் அலீயும் அவர் பயன்படுத்தியோரில் ஒருவர். லக்னோவின் ஃபரங்கி மஹல் அறிஞர் குடும்பத்தில் பிறந்த அப்துல் அலீ, ஆற்காட்டு நவாப் முகம்மது அலீ வாலாஜாவின் ஆதரவில் சென்னைக்கு வந்து கற்பித்து, 1810இல் இங்கேயே மறைந்தார். திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் அவர் அடக்கம் இருக்கிறது. அந்தப் பக்கம் போகிறவர்களில் எத்தனை பேருக்கு, மஸ்னவிக்கு உரை எழுதியவர் இங்கே இருக்கிறார் என்று தெரியும்?

இவ்வுரைகாரர்களில் பலர் ரூமியை இப்னு அரபியின் தத்துவச் சட்டகத்துக்குள் வைத்து விளக்கியவர்கள். பஹ்ருல் உலூம் இதில் முன்னணியில் நிற்பவர். நிக்கல்சனும் அந்த வழியிலேயே நடந்தார். ரூமியின் ஓர் உவமைக்கு விளக்கம் தேடி இப்னு அரபியின் நூல்களுக்குப் போய்விடுகிறார். ரூமி வேறு, இப்னு அரபி வேறு. ஒரே நூற்றாண்டினர் என்பதால் ஒருவர் மற்றவரின் உரையாசிரியராகிவிட முடியாது என்று பிற்காலத்தில் வில்லியம் சிட்டிக் போன்றோர் மறுத்தார்கள். அந்த மறுப்பு சரியானது. குர்ஆன் வசனங்கள், நபிமொழிகள், முந்தைய கதை மூலங்கள் ஆகியவற்றை நிக்கல்சன் அடையாளம் காட்டும் குறிப்புகளே அவ்வுரையில் இன்றும் தேய்மானம் இல்லாத பகுதி.

நிக்கல்சனுக்குப் பின்

1976இல் அமெரிக்கக் கவிஞர் ராபர்ட் பிளை, கோல்மன் பார்க்ஸ் கையில் ஏ. ஜே. ஆர்பெரியின் ரூமி மொழிபெயர்ப்பைக் கொடுத்து, இக்கவிதைகளைக் கூண்டிலிருந்து விடுவிக்க வேண்டும் என்ற கருத்தில் பேசினார். ஆர்பெரி நிக்கல்சனின் மாணவர். பாரசீகம் அறியாத பார்க்ஸ், இவ்விருவரின் ஆங்கிலத்தை எடுத்து அமெரிக்கப் புதுக்கவிதையாக்கினார். 1995இல் வந்த அவருடைய தொகுப்பு பெரும் விற்பனை கண்டது. பார்க்ஸுக்குச் செவி உண்டு. நிக்கல்சனிடம் அணைந்துபோன அடுப்பு அவரிடம் எரிகிறது. ஆனால் எரிவதற்கு அவர் எதையெல்லாம் வெளியே எடுத்துப் போட்டார் என்று பார்த்தால், குர்ஆன் வசனங்களும் நபிமார் பெயர்களும் தொழுகையும் அதில் பெரும்பகுதி. நிக்கல்சன் தாம் சேர்த்ததை அடைப்புக்குறிக்குள் காட்டினார். பார்க்ஸ் நீக்கியதைக் காட்ட எந்தக் குறியும் இல்லை.

அதற்காக நிக்கல்சன் பக்கம் எல்லாம் சரி என்று ஆகிவிடாது. தாம் கிறித்தவருமல்லர், யூதருமல்லர், முஸ்லிமுமல்லர் என்று கவி அறிவிப்பதாக அமைந்த ஒரு பாடல் உலகெங்கும் ரூமியின் முகவரியாகவே ஆகிவிட்டது. அதை ஆங்கில உலகில் பரப்பிய நூல் நிக்கல்சனின் 1898ஆம் ஆண்டுத் தொகுப்பு. பின்னாளில் ஈரானிய அறிஞர் ஃபுரூஸான்ஃபர் பழைய படிகளைக் கொண்டு திவானைப் பத்துத் தொகுதிகளாகப் பதிப்பித்தபோது அப்பாடலுக்கு அதில் இடமில்லாமல் போயிற்று. மத நல்லிணக்க மேடைகளில் அவ்வரிகளை ஓதுவோரின் நோக்கத்தை நான் குறைசொல்லவில்லை. ரூமி சொன்னதாகச் சொல்வதைத்தான் நிறுத்த வேண்டும்.

மஸ்னவிக்குள் புதிதாக நுழையும் மாணவர் நிக்கல்சனின் எட்டுத் தொகுதிகளோடு தொடங்க வேண்டியதில்லை. 2004 முதல் ஜாவித் முஜத்தித் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாகத் தந்துவரும் எதுகையமைந்த ஈரடி மொழிபெயர்ப்பில் ஒரு கதையைப் படிக்கலாம். பிறகு அதே கதைக்கு நிக்கல்சனின் மொழிபெயர்ப்பையும், ஏழாம் அல்லது எட்டாம் தொகுதியில் அதற்கான குறிப்பையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். ஈரடிகளுக்கு அவர் இட்ட வரிசை எண்கள் தேடுவதற்குத் துணைசெய்யும். மூன்றாம் நூலின் கொண்டைக்கடலைக் கதை இதற்கு ஏற்ற அளவானது. ஒரு மாலைப்பொழுது போதும்.